கூடுதலாக 132 கெஜம்: செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் ஏன் மறுபடியும் நீள்கிறது?

155-ஆவது ஓபன் கோல்ஃப் சாம்பியன்ஷிப் 2027 ஜூலையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நடக்க இருக்கிறது. அந்த ஊரின் ஓல்ட் கோர்ஸ் மைதானம் இந்தப் போட்டியை நடத்தப்போவது இது 31-ஆவது முறை. வேறெந்த மைதானத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. போட்டிக்கான வேலைகள் 2025 நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டன. 5, 6, 7, 10, 11, 16 ஆகிய ஆறு குழிகளுக்குப் புதிய டீ மேடைகள் பின்னால் தள்ளி அமைக்கப்படுகின்றன. சில குழிகளில் பங்கர்கள் இடம் மாறுகின்றன. 17-ஆவது குழியின் பேர்பெற்ற பங்கர் சீர்செய்யப்படுகிறது. மைதானத்தின் மொத்த நீளம் 7,313 கெஜத்திலிருந்து 7,445 கெஜமாகிறது. கூடுதலாக 132 கெஜம்.

கேட்பதற்குச் சின்ன எண்தான். பதினெட்டு குழிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு குழிக்கு எட்டு கெஜம்கூட வராது. ஆனால் இந்த மைதானத்தில் ஒரு பங்கரின் விளிம்பைத் தொட்டாலே உலகெங்கும் கோல்ஃப் ஆர்வலர்கள் பதறிப்போகிறார்கள். பதற்றத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. இந்த 132 கெஜத்துக்கு மைதானம் காரணமில்லை. கோல்ஃப் பந்துதான் காரணம். அதைப் புரிந்துகொள்ள முதலில் இந்த நிலத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோல்ஃப் அதிகம் பார்க்காதவர்களுக்காக நான்கு சொற்களை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு குழிக்குமான ஆட்டமும் டீ மேடையிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து பந்து போய் விழவேண்டிய, புல் வெட்டிய நீண்ட பரப்பு ஃபேர்வே. குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை கிரீன். வழியில் காத்திருக்கும் மணல் பள்ளங்கள் பங்கர்கள். ஓல்ட் கோர்ஸில் அப்படி 112 பங்கர்கள் இருக்கின்றன.

ஊருக்குச் சொந்தமான மணல்வெளி

செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் பகுதியில் உள்ள பழைய பல்கலைக்கழக நகரம். பல்கலைக்கழகம் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. கோல்ஃபும் ஏறக்குறைய அதே காலத்திலிருந்து அங்கு ஆடப்பட்டு வந்திருக்கிறது. 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. குடிமக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு ஆட்டத்தில் திளைக்கிறார்கள் என்பது அன்றைய கவலை.

ஊருக்கும் வடகடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலத்தை லிங்க்ஸ் என்பார்கள். அங்கு உழவு நடக்காது. மழைநீர் உடனே வடிந்துவிடும். கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் குட்டையான, மெல்லிய புல் மட்டும் முளைக்கும். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் போல, ஊரார் எல்லோரும் ஆடு மேய்க்கவும் புல் வெட்டவும் துணி உலர்த்தவும் விளையாடவும் பயன்படுத்திய நிலம் அது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றபோது எழுதப்பட்ட சாசனம், ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடும் உரிமையையும் உறுதிப்படுத்தியது. அந்த உரிமைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான்.

அந்த உரிமை ஒருமுறை கைநழுவப் பார்த்தது. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் கடனில் மூழ்கிய நகர மன்றம் லிங்க்ஸ் நிலத்தை விற்றது. அது முயல் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல்கள் வளர்க்கப்பட்டன, அவை ஆடுகளத்தைத் துளைத்துத் தள்ளின. ஆட்டக்காரர்களும் வியாபாரிகளும் நீதிமன்றத்திலும் நேருக்கு நேராகவும் மோதிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக நீண்ட அந்தச் சண்டையை ஊர் வரலாறு முயல் போர் என்றே குறிக்கிறது. 1821-இல் அருகிலிருந்த ஸ்ட்ராத்திரம் பண்ணையின் உரிமையாளர் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி, கோல்ஃபுக்கு விட்டுக்கொடுத்து, சண்டையை முடித்துவைத்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில், 1894-இல், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நிலம் நகரத்தின் கைக்கே திரும்பி வந்தது. 1974-இல் இன்னொரு சட்டம் வந்தது. அன்றிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை ஊரின் சார்பில் இதை நிர்வகிக்கிறது.

இந்தக் கதையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கோல்ஃப் போட்டிகள் நடக்கும் புகழ்பெற்ற மைதானங்களில் பெரும்பாலானவை, குறிப்பாக அமெரிக்காவில் உள்ளவை, உறுப்பினர்களுக்கு மட்டுமே திறக்கும் தனியார் கிளப்புகள். ஓல்ட் கோர்ஸில் உறுப்பினர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி ஆடலாம். முன்பதிவு கிடைக்காதவர்கள் தினசரிக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஊர்க்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆண்டுச் சீட்டு உண்டு. ஓபன் போன்ற பெரிய போட்டிகள் நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஆட்டமே கிடையாது. அன்று மக்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் ஃபேர்வேயில் நடப்பார்கள். முதல் குழியையும் கடைசிக் குழியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்ற பொதுச்சாலை கடற்கரைக்குப் போகிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதில் ஆட்கள் கடந்துபோவார்கள்.

ஆகவே இங்கே ஒரு டீ மேடையை நகர்த்துவதென்றால் ஒரு ஊரின் பொதுச்சொத்தில் கைவைப்பது என்று பொருள். இதைத் தனியார் கிளப்பின் புதுப்பிப்பு வேலையைப் போல எடுத்துக்கொள்ள முடியாது.

யாரும் வடிவமைக்காத மைதானம்

ஓல்ட் கோர்ஸை உட்கார்ந்து வரைந்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளங்களும், பந்துகள் திரும்பத் திரும்ப விழுந்து புல் தேய்ந்த இடங்களும் பங்கர்களாயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். தொடக்கத்தில் 12 குழிகளே இருந்தன. கடற்கரையோரமாகப் போய், அதே வழியில் திரும்பி வரும்போது அவற்றில் 10 குழிகளை இரண்டாம் முறை ஆடுவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 22 குழிகள். 1764-இல் முதல் நான்கு குழிகளை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைந்து 18 ஆயிற்று. உலகமெங்கும் கோல்ஃப் இன்று 18 குழிகளாக இருப்பது இந்த ஊரின் வழக்கம் பரவியதால்தான்.

போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொண்டபோது, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கிரீன்களை அகலமாக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் வெட்டினார்கள். இன்றும் இங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள் இருக்கின்றன: 2-ஆவது குழியும் 16-ஆவதும் ஒரே கிரீனில், 3-உம் 15-உம் ஒன்றில், 4-உம் 14-உம் ஒன்றில் என்று போகும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கு மட்டுமே தனிக் கிரீன்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு காலத்தில் இந்த மைதானத்தை இப்போதைய திசைக்கு நேர் எதிர்த் திசையிலும் ஆடினார்கள். புல் தேறுவதற்காக ஒரு வாரம் இந்தத் திசை, மறுவாரம் அந்தத் திசை என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று பார்வைக்கு அர்த்தமே இல்லாத இடத்தில் கிடக்கும் சில பங்கர்கள், அந்த எதிர்த் திசை ஆட்டத்தில் மிகச் சரியான இடத்தில் நிற்பவை. அவற்றை யாரும் மூடிவிடாமல் வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்படித் தானாக உருவான நிலத்தை ஆட்டக்களமாகப் பேணியவர்களில் முதன்மையானவர் ஓல்ட் டாம் மாரிஸ். 1865-இல் அவரை மைதானக் காப்பாளராக அமர்த்தியபோது அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவிகள் ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. கிரீன்மீது மணல் தூவினால் புல் செழிக்கும் என்பதைக் கண்டு அதை வழக்கமாக்கினார். முதல் குழிக்கும் 18-ஆவது குழிக்கும் இப்போதிருக்கும் கிரீன்கள் அவர் காலத்தில் வந்தவை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் நிலத்துக்கு வேண்டும் என்று அவர் சொன்னதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

1921-இல் அமெரிக்க இளைஞர் பாபி ஜோன்ஸ் இங்கே ஓபன் ஆடியபோது, மூன்றாம் சுற்றில் 11-ஆவது குழியின் பங்கரில் சிக்கிப் பொறுமையிழந்து ஆட்டத்தைக் கைவிட்டார். 1927-இல் திரும்பி வந்து அதே மைதானத்தில் ஓபன் கோப்பையை வென்றார். பின்னர், 1924-இல் ஓல்ட் கோர்ஸை அளந்து வரைபடமாக்கிய அலிஸ்டர் மெக்கன்சியோடு சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தை உருவாக்கினார். அதன் ஆதாரக் கொள்கைகள் பல செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து எடுத்துக்கொண்டவை. 1958-இல் இந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது.

எதிரியைத் தடுப்பது எப்படி?

பெரிய போட்டி வரும்போது எந்த மைதானமும் உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழக்கமான வழிகள் சில இருக்கின்றன. ஃபேர்வேயைக் குறுக்கி, ஓரத்துப் புல்லை முழங்கால் உயரம் வளர்க்கலாம். கிரீனை மிக வேகமாக்கலாம். நீளத்தைக் கூட்டலாம்.

முதல் வழி இங்கே எடுபடாது. போகும் வழியும் வரும் வழியும் பல இடங்களில் ஒரே அகன்ற புல்வெளி. அதைக் குறுக்கினால் இந்த மைதானத்தின் ஆட்டமே போய்விடும். இங்கே அகலம்தான் சோதனை. இடப்பக்கம் அடிப்பது எப்போதும் பாதுகாப்பு. ஆனால் இடப்பக்கத்திலிருந்து, குழியைக் காட்டும் கொடியை நோக்கி அடுத்த ஷாட் அடிக்கும்போது நடுவில் ஒரு பங்கரோ மேடோ குறுக்கிடும். வலப்பக்கம் துணிந்தவருக்குக் கோணம் திறக்கும். ஆனால் அங்கே புதரும் எல்லைக்கோடும் காத்திருக்கும். கொடியை இன்றைக்கு எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே டீ மேடையில் நிற்பவர் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் வழியும் அடைபட்டது. கிரீனில் பந்து எவ்வளவு தூரம் உருளும் என்று ஸ்டிம்ப் மீட்டர் என்ற சிறிய சரிவுக் கருவியால் அளப்பார்கள். அமெரிக்கப் போட்டிகளில் 13, 14 அடிவரை போகும். செயின்ட் ஆண்ட்ரூஸில் 10 அடியை ஒட்டியே வைத்தாக வேண்டும், ஏனென்றால் காற்று. 2015 ஓபன் சனிக்கிழமை காலை ஆட்டம் தொடங்கி அரைமணி நேரத்தில், கிரீனில் நின்ற பந்துகளைக் காற்றே தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது. ஆட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தினார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அன்று கிரீன்கள் இன்னும் வேகமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையான காவல் காற்றும், இறுகிய தரையும், பங்கர்களும்தான். பங்கர்களின் சுவர்கள் புல்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. மழையும் வெயிலும் அரிப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கட்ட வேண்டும். ஒவ்வொரு குளிர்காலமும் மைதானப் பணியாளர்களுக்கு இதுவே பெரிய வேலை. குளிர்காலத்தில் புல் வளராது என்பதால், ஃபேர்வே காயப்படாமலிருக்க ஆட வருபவர்கள் சிறிய பாயைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். போட்டிக்கான உண்மையான தயாரிப்பு இந்த அலுப்பூட்டும் வேலைகளில்தான் இருக்கிறது. டீ மேடைகள் செய்தியாகின்றன, புல்கட்டி அடுக்குபவர்கள் செய்தியாவதில்லை.

17-ஆவது குழியின் பங்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரீனின் முன்புறத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கும் அது வெளிப்பார்வைக்குச் சிறியது. ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிந்திருப்பதால் தூரத்தில் விழும் பந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1978-இல் ஜப்பானின் டாமி நகஜிமா, வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தபோது கிரீனிலிருந்து பந்தை உருட்டி இதற்குள் தள்ளினார். வெளியே எடுக்கவே நான்கு ஷாட்கள் ஆயின. 2000-இல் டேவிட் டுவாலும் இதே பள்ளத்தில் நான்கு ஷாட்களைத் தொலைத்தார். அதே ஆண்டு டைகர் உட்ஸ் 72 குழிகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல், எட்டு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். இந்தப் பள்ளத்திலிருந்து ஒவ்வொரு முறை பந்தை அடிக்கும்போதும் ஒரு கைப்பிடி மணல் மேலே பறந்து சுற்றுத் தரையில் படிகிறது. பல ஆண்டுகள் சேர்ந்தால் கிரீனின் விளிம்பே உயர்ந்து உருமாறிவிடும். 2027-க்கான சீரமைப்பு அந்த மணல் மேட்டைக் குறைப்பதற்காக. இது பழைய உருவத்தை மீட்கும் வேலை, இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பந்து நீண்டால் நிலமும் நீள வேண்டும்

மிச்சமிருக்கும் வழி, நீளம். இங்கேதான் பந்து வருகிறது.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை கோல்ஃப் பந்து என்பது தோல் உறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு பிடிக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தத் தொழிலில் பேர்போனவர் ஆலன் ராபர்ட்சன், அவரிடம் வேலை பார்த்தவர்தான் டாம் மாரிஸ். 1848 வாக்கில் மலாயா மரப்பாலில் செய்த கட்டபர்ச்சா பந்து வந்தது. மலிவானது, மழையில் கெடாதது. அதைக் கொண்டு மாரிஸ் ஆடியதைப் பார்த்த ராபர்ட்சன் சினந்தார். இருவரும் பிரிந்தனர், மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் மைதானத்துக்குப் போய்விட்டார். 1860-இல் முதல் ஓபன் போட்டி நடந்தது அந்த பிரெஸ்ட்விக்கில்தான். பந்து மலிவானதும் ஆட்டக்காரர்கள் பெருகினார்கள். ஆட்டக்காரர்கள் பெருகியதும் கிரீன்கள் அகன்றன. நாம் இன்று வியந்து பார்க்கும் இரட்டைக் கிரீன்களே ஒரு புதுப் பந்தின் விளைவுகள்.

அதன்பின் 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்து தூரத்தைக் கூட்டியது. 2000-இல் திண்மையான உட்கருவும் பல அடுக்குகளும் கொண்ட பந்துகள் தொழில்முறை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. பந்தை அடிக்கும் கட்டைகளின் தலை மரத்திலிருந்து உலோகத்துக்கு மாறி, பெரிதாகி, தவறான அடியையும் மன்னிக்கத் தொடங்கியது. ஆட்டக்காரர்களும் உடற்பயிற்சியால் வலுப்பெற்றார்கள். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் 1980-இல் முதல் அடியின் சராசரித் தூரம் சுமார் 257 கெஜம். இப்போது அது 300 கெஜத்தை எட்டிவிட்டது. அது சராசரிதான். இன்றைய இளைஞர்களில் பலசாலிகள் அதையும் தாண்டி அடிக்கிறார்கள்.

ஓல்ட் கோர்ஸின் நீளம் அதைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. 1995 ஓபனில் 6,933 கெஜம். 2000-இல் 7,115. 2005-இல் 7,279. 2010-இல் 7,305. 2022-இல் 7,313. 2027-இல் 7,445. முப்பத்திரண்டு ஆண்டுகளில் 512 கெஜம் கூடியிருக்கிறது. இன்றைய 17-ஆவது குழியின் நீளமே 495 கெஜம்தான். அதாவது ஒரு முழுக் குழியின் தூரத்தை ஓசையில்லாமல் சேர்த்திருக்கிறார்கள்.

சேர்க்க இடம் எங்கே? ஓல்ட் கோர்ஸ் ஒடுங்கிய நிலத்துண்டு. ஒருபுறம் நியூ கோர்ஸ், மறுபுறம் ஈடன் கோர்ஸ், கோடியில் ஈடன் ஆற்றின் கழிமுகம். 2010-இல் 17-ஆவது குழியின் டீ மேடையைப் பின்னுக்குத் தள்ளியபோது இடமில்லாமல், பழைய ரயில்பாதைக்கு அப்பால் பயிற்சித் திடலில் கொண்டுபோய் வைத்தார்கள். மைதானத்தின் எல்லைக்கு வெளியே நின்று மைதானத்துக்குள் அடிக்க வேண்டிய நிலை. ஒவ்வொரு புதிய மேடைக்கும் ஆட்டக்காரர்கள் முந்தைய கிரீனிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும், மற்றவர்களின் பாதையைக் கடக்க வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் பின்னிக்கிடக்கும் இங்கே அது நெரிசலாகிறது. 2022-இல் முதல் நாள் சில குழுக்கள் ஆறு மணி நேரம் ஆடின.

2022 ஓபனில் கேமரன் ஸ்மித் கடைசி நாள் 64 ஸ்ட்ரோக்கில் முடித்து, மொத்தம் 20 கீழ்-பார் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவு) என்ற கணக்கில், 268 ஸ்ட்ரோக்கில் வென்றார். ஓல்ட் கோர்ஸில் நடந்த ஓபன்களில் அதைவிடக் குறைந்த வெற்றிக் கணக்கு இல்லை. அந்த வாரம் காற்று பெரிதாக வீசவில்லை, தரை காய்ந்து பழுப்பேறி இருந்தது. 9, 10, 12, 18 ஆகிய குழிகளில் பலர் டீ மேடையிலிருந்தே கிரீனை எட்டினார்கள். அந்த ஆட்டம் எனக்கு அழகாகவே இருந்தது. தரையில் விழுந்த பந்து எங்கே உருண்டு நிற்கும் என்று கணிக்கும் கலையைக் கடைசி நாள் முழுக்கப் பார்க்க முடிந்தது. ஆனால் போட்டியை நடத்துபவர்களுக்கு அந்த எண் உறுத்தியிருக்கிறது, அதைத்தான் இந்த 132 கெஜம் சொல்கிறது.

விதியும் அவர்கள் கையில், போட்டியும் அவர்கள் கையில்

இங்கே எனக்கு வலுவான வருத்தம் ஒன்று உண்டு. ஓபன் போட்டியை நடத்துவது ஆர் அண்ட் ஏ அமைப்பு. அமெரிக்காவும் மெக்சிகோவும் தவிர்த்த உலகம் முழுவதும் கோல்ஃப் விதிகளை நிர்வகிப்பதும், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தோடு சேர்ந்து பந்தின் தரத்தை வரையறுப்பதும் அதே அமைப்புதான். 1754-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22 பேர் தொடங்கிய கழகத்திலிருந்து கிளைத்தது அது. பந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்யும் கையே, பந்து அதிகத் தூரம் போகிறது என்பதற்காக நிலத்தையும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பரில் இரு அமைப்புகளும் சேர்ந்து ஒரு மாற்றத்தை அறிவித்தன. பந்தைச் சோதிக்கும் இயந்திரம் கட்டையை வீசும் வேகம் மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக உயர்த்தப்படும். அந்த வேகத்திலும் பந்து பழைய தூர வரம்பைத் தாண்டக் கூடாது. இதனால் மிகத் தொலைவு அடிப்பவர்கள் 13 முதல் 15 கெஜம்வரை இழப்பார்கள் என்றும், பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு ஐந்து கெஜத்துக்கும் குறைவாகவே இழப்பு இருக்கும் என்றும் கணக்குச் சொன்னார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 2028 முதல், மற்றவர்களுக்கு 2030 முதல் என்று அன்று நாள் குறித்தார்கள்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஓல்ட் கோர்ஸில் 8, 11 ஆகிய இரண்டு குறுகிய குழிகளை விட்டால் 16 குழிகளில் முழு வலுவோடு முதல் அடி அடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 13 கெஜம் குறைந்தால் மொத்தம் 208 கெஜம். எல்லாக் குழியிலும் எல்லோரும் பெரிய கட்டையை எடுப்பதில்லை என்று பாதிக்குச் சற்று மேல் வைத்துக்கொண்டாலும், இப்போது மண்ணை வெட்டிச் சேர்க்கும் 132 கெஜத்தைப் பந்து விதி ஒன்றே ஈடுகட்டியிருக்கும். ஆனால் அந்த விதி 2027 ஜூலையில் நடைமுறையில் இருக்காது. அதற்குள் ஆறு குழிகளில் மேடைகள் எழுந்துவிடுகின்றன. பந்தைத் திரும்பப் பெறலாம். கட்டிய மேடையை யாரும் இடித்ததாக இந்த மைதானத்தின் அண்மை வரலாற்றில் நான் காணவில்லை.

பந்து தயாரிப்பாளர்களின் எதிர்ப்பும் சில தொழில்முறை அமைப்புகளின் தயக்கமும் இந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்பது உண்மைதான். விளம்பரத்தில் தூரம்தான் விற்கிறது. ஆனால் தூரத்துக்கான விலையை நிறுவனங்கள் கொடுப்பதில்லை. கூடுதல் நிலம், கூடுதல் நீர், கூடுதல் பராமரிப்பு என்று மைதானங்கள் கொடுக்கின்றன. பெரும் பணமிருக்கும் கிளப் பக்கத்து நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். கடலும் ஊரும் நெருக்கும் ஒரு பொது நிலத்துக்கு அந்த வழி கிடையாது.

தொட்டதில் நல்லதும் உண்டு

தொடவே கூடாது என்று சொல்பவர்களோடும் என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. 2012-இல் மைதான வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரி தலைமையில் வேலைகள் தொடங்கியபோது, 11-ஆவது கிரீனின் மேடு பள்ளங்களைக் கொஞ்சம் தணித்ததற்கும் 17-ஆவது குழியின் பங்கரை அகலப்படுத்தியதற்கும் மைதான வடிவமைப்பாளர்கள் மத்தியிலிருந்தே கடும் கண்டனம் எழுந்தது. ஆனால் ராபர்ட்சன் காலத்திலும் மாரிஸ் காலத்திலும் இந்த நிலம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. கேட்க வேண்டியது, ஒவ்வொரு மாற்றமும் ஆட்டக்காரருக்குத் தேர்வுகளைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் 2027-க்கான வேலைகளில் மிகச் சிறந்தது 16-ஆவது குழியில் நடப்பது. மெக்கன்சி அண்ட் ஈபர்ட் என்ற வடிவமைப்பு நிறுவனம் இந்த வேலைகளை வகுத்திருக்கிறது. 16-ஆவது குழியின் வலப்பக்கம் முழுக்கப் பழைய ரயில்பாதையின் எல்லை. அதைத் தாண்டினால் தண்டனை. ஃபேர்வேயின் நடுவில் பிரின்சிபல்ஸ் நோஸ் எனப்படும் பங்கர் கூட்டம், அதற்குச் சற்று அப்பால் டீக்கன் சைம் என்ற இன்னொரு பங்கர். பழைய காலத்தில் இங்கே இரண்டு வழிகள் இருந்தன. பங்கருக்கும் எல்லைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வலப்பக்க இடைவெளியில் பந்தை நிறுத்துபவருக்குக் கிரீனை நோக்கி எளிதான கோணம் கிடைக்கும். இடப்பக்கம் சுற்றிப் போகிறவர் பாதுகாப்பாகப் போவார், ஆனால் அடுத்த ஷாட் கடினமாகும். காலப்போக்கில் அந்த இடப்பக்க வழி புல் மண்டிப் பயன்பாட்டை விட்டுப் போயிற்று. இப்போது ஃபேர்வேயை இடப்பக்கம் அகலமாக்கி அதைத் திறந்துவிடுகிறார்கள். சும்மா திறந்துவிடவும் இல்லை, அந்தப் பக்கம் புதிதாக இரண்டு பங்கர்களையும் சேர்க்கிறார்கள்.

பங்கர்களை நகர்த்தும் மற்ற வேலைகள் இவ்வளவு வளமானவை இல்லை. 2-ஆவது குழியிலும் 6, 9, 10 குழிகளிலும், இன்றைய பந்து பறந்து தாண்டிப்போகும் பழைய பங்கர்களை அது விழும் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்கள் அல்லது கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் பந்து மறுபடியும் குறுகினால் அவை தவறான இடத்தில் நிற்கும்.

2022-இல் 2,90,000 பேர் நேரில் வந்து பார்த்தார்கள், ஓபன் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம். 2027-இல் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே. 18-ஆவது குழியின் கூட்டத்தையும் அங்குள்ள ஸ்வில்கன் என்ற பழைய கல்பாலத்தையும் கேமராக்கள் தாமாகவே காட்டிவிடும். 16-ஆவது குழியின் டீ மேடையைக் கவனியுங்கள். முன்னணியில் இருப்பவர் எல்லைக்கோட்டை ஒட்டி வலப்பக்கம் அடிக்கிறாரா, புதிதாகத் திறந்த இடப்பக்கம் போகிறாரா, இரண்டையும் பொருட்படுத்தாமல் பங்கர்களுக்கு மேலாகவே பறக்கவிடுகிறாரா என்று பாருங்கள். ஆட்டக்காரர்கள் முதல் இரண்டு வழிகளிலும் பிரிந்து நின்றால் இந்த வேலை பலித்துவிட்டது. பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை ஓபன் இந்த ஊருக்கு வருவதற்குள் பந்து விதி வந்தாக வேண்டும்.